செல்லம்மாள் அக்கா தந்த வாழைக்கன்று

ஆடி 20, செவ்வாய்

நாளை ஐதராபாத் புறப்படுகிறேன். தாவர உயிரிப் பாதுகாப்பில் முதுநிலைப் பட்டயம், ஓராண்டு. "இந்த வயசுல படிப்பா மேடம்?" என்று அலுவலகத்தில் சிரித்ததோடு சரி.

முக்கூடலில் செல்லம்மாள் அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொள்ளப் போனேன். அவள் வாழைத் தோட்டத்தில், கன்றிலும் மண்ணிலும் ஒட்டிப் பரவும் வாடல் நோயைக் கண்டுபிடித்தவள் நான். அங்கிருந்து ஒரு கன்றும் வெளியே போகக் கூடாது என்று சொன்னவளும் நான்தான். அக்கா எனக்காக ஒரு வாழைக்கன்றைத் தோண்டி, ஈரச் சாக்கில் கட்டி வைத்திருந்தாள்.

"இத வெளிய கொண்டுபோகக் கூடாதுல்லாக்கா."

"அது மத்தவியளுக்கு. ஆபீசரம்மாவ யாரு கேக்கப் போறா? அங்கன ஒத்தையில கெடப்பிய. முத்தத்துல இது ஒண்ணு நின்னா துணைதான."

எனக்கென்று ஒருவர் எதையாவது கட்டி வைத்து எத்தனையோ காலமாயிற்று. வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வேரில் தோட்டத்து மண் அப்படியே இருக்கிறது. கன்றைத் துண்டு துண்டாக வெட்டி, சாக்கோடு கொதிக்கவைத்துவிட வேண்டும். நான் ஐதராபாத் போய்ச் சேர்ந்ததும் அக்கா போன் செய்வாள். நட்டாச்சா என்றுதான் முதலில் கேட்பாள்.

பெரிய பானையில் தண்ணீர் நிறைத்தாயிற்று. அடுப்பைக் காலையில் பற்றவைத்துக்கொள்கிறேன். இன்று ராத்திரி இருந்துவிட்டுப் போகட்டும்.