இடதுபக்கக் கதவின் பட்டை

பொறாமைக்குரிய நண்பா,

இன்று காலை என் அம்பாசடரின் டிக்கியைச் சுத்தம் செய்தபோது, ஸ்டெப்னிக்கு அடியில் உன் பழைய பனியன் துண்டு கிடைத்தது. மெட்டல் பாலிஷும் மைதா மாவும் கலந்த வாடை இன்னும் அதில் போகவில்லை. முகர்ந்ததும் எனக்குக் கண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன்மேல் வயிறு எரிகிறதே என்று எனக்கே சிரிப்பாகவும் இருந்தது.

கேளம்பாக்கத்தில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம். ஒரே மழைக்காலத்தில் ஆளுக்கொரு பழைய அம்பாசடர் வாங்கினோம். நியாயமாகப் பார்த்தால் உன் வண்டிதான் கெட்டிருக்க வேண்டும். கோவளத்தில் உன் வீட்டு வாசலுக்கே உப்புக்காற்று வந்துவிடும். செங்கல்பட்டில் எனக்கு ஏரிக்காற்றுதான். ஆனாலும் என் கிரில் அடிபிடித்த பால் பாத்திரம் மாதிரி மங்கிக் கிடக்கும், உன் பம்பரில் பெண்கள் பொட்டைச் சரிசெய்துகொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிடந்தை சவுக்குத் தோப்பில் பழைய கார்க்காரர்கள் கூடுவோமே, அங்கேதான் என் பாடு திண்டாட்டம். ஒரு முறை ஒருவர் என் பானெட்டில் வசதியாகக் கையை ஊன்றிக்கொண்டு உன் வண்டியை ரசித்தார். அவருடைய கைரேகையை வீட்டில் துடைத்தபோது உன்னைத்தான் திட்டினேன், அவரை அல்ல. ஒரே ஒரு தடவையாவது என் கைவேலைக்கு முன்னால் நாலு பேர் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. நீ இருந்தவரை அது நடக்கவில்லை.

நீ செய்ததையெல்லாம் நானும் செய்தேன். கதவில் ஓடும் உலோகப் பட்டையைக் கழற்றி, பின்பக்கம் மரக்கட்டையால் தட்டி ஒடுக்கு எடுத்தேன். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். பாலிஷ் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போக உன்னைப்போலவே மைதாவும் தூவித் துடைத்தேன். எனக்கு வந்தது பளபளப்பு. உனக்கு வந்தது கண்ணாடி.

அதோடு விட்டாயா? ஒவ்வொரு பட்டையையும் தேய்த்ததும் எனக்குப் போன் போட்டு வரச் சொல்வாய். நானும் மானங்கெட்டுப் போய் திருப்போரூர் வழியாக பைக்கில் வந்து நிற்பேன். "இன்னா மச்சான், எப்டி கீது?" என்பாய். "பரவால்ல" என்பேன். நீ பட்டையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்ப்பாய். சில நாள் இன்னும் கொஞ்சம் பாக்கி என்று மறுபடி உட்கார்ந்துவிடுவாய். சில நாள் சிரித்துக்கொண்டே துணியை உதறி மடிப்பாய். என்னை வெறுப்பேற்றுவதற்காகவே கூப்பிடுகிறாய் என்று வழியெல்லாம் முனகிக்கொண்டு திரும்புவேன்.

உன் நெஞ்சு நின்றுபோனபோது இடதுபக்க முன்கதவின் பட்டை பாதியில் இருந்தது. உன் நினைவாகத் தோப்பில் உன் வண்டியை எல்லாருக்கும் முன்னால் நிறுத்துவது என்று நண்பர்கள் முடிவு செய்தார்கள். உன் மனைவி ஸ்டெல்லா என்னைத்தான் கூப்பிட்டாள். பட்டையையும் இந்தப் பனியன் துண்டையும் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்கதாண்ணா முடிக்கணும். 'அவன் மூஞ்சி சுண்டிச்சினாத்தான் வேலை முடிஞ்சிதுன்னு அர்த்தம்'னு அவரு சொல்லிகினே இருப்பாரு."

இத்தனை வருஷமும் நான் உனக்கு விருந்தாளி இல்லை, அளவுகோல். கோபம் வந்தது. கூடவே அந்தத் துக்கத்திலும் ஓர் அற்ப சந்தோஷம் வந்தது. உன் வண்டியில் என் கைவேலை ஏறப்போகிறது. ஆனால் அது மட்டும் மங்கித் தெரிந்தால், மொத்தத் தோப்புக்கும் நம் இருவரின் வித்தியாசம் விளங்கிவிடும். அந்தப் பயத்திலேயே விரல் மரத்துப்போகிற அளவுக்குத் தேய்த்தேன். முடிந்ததா என்று கேட்க ஆளில்லை. என் மனைவியிடம் காட்டினேன். போனிலிருந்து தலையை நிமிர்த்தாமலே நன்றாக இருக்கிறது என்றாள்.

தோப்பில் கூட்டம் உன் வண்டியைச் சுற்றி வந்தது. அச்சரப்பாக்கத்து நண்பர் ஒருவர் சரியாக இடதுபக்கக் கதவருகே வந்து குனிந்தார். பின்னாலேயே நாலு பேர் நின்றார்கள்.

"இந்தப் பட்டையப் பாரு அண்ணாத்த" என்றார் அவர். "அவன் கை அவன் கைதான். இனிமே யாரால முடியும்?"

அது நான் தேய்த்தது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் நாலு பேரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டார்கள். வாழ்நாளில் ஒருமுறை எனக்கு வந்த பாராட்டு, அதையும் நீ வாங்கிக்கொண்டு போய்விட்டாய். அவர்கள் நகர்ந்ததும் நான் குனிந்து பார்த்தேன். பட்டையில் என் முகம் நீளமாக, தெளிவாகத் தெரிந்தது. நன்றாகச் சுண்டியிருந்தது. துணியை மடித்து என் டிக்கியில் போட்டேன்.

இன்று அதே துணியால் என் கிரில்லைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். எப்போது நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. என் வண்டியைப் பார்த்து உன் முகம் ஒரு நாளும் சுண்டியதில்லை. நான் எதைக் காட்டினாலும் மனதார, "சூப்பரா கீது மச்சான்" என்பாய்.

அந்த மனசு எனக்கு இல்லையே என்று அதற்கும் சேர்த்து உன்மேல் பொறாமைப்படுகிறேன்.