வெள்ளச்சிக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை

மச்சான்,

என் சேட்டில் குதிரை வியர்வை நாறுகிறது. இரண்டு முறை தோய்த்தும் போகவில்லை. உன் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போகும்போதெல்லாம் நான் மூக்கைப் பொத்துகிற நாற்றம் இது. இப்போது என்னிலிருந்தே வருகிறது. திட்டுவதற்கு நீ இல்லை.

உன் இரண்டு குதிரைகளையும் கொக்கட்டிச்சோலைப் பக்கம் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். தன்னாமுனையில் உன் வீட்டு வளவில் புல் முடிந்துவிட்டது. நீ போன பிறகு உன் அம்மாவால் அவற்றைப் பார்க்க முடியவில்லை. "கொண்டு போ மனே, எங்கயாவது நல்லா இரிக்கட்டும்" என்று போனில் சொன்னார். தெரிந்த ஒருவரின் மேய்ச்சல் தரை, வாவியோரம், வயல் வட்டையின் எல்லையில். சூரிய மின்வேலி நானே போட்டேன். குழாய்க்கிணற்றுக்குப் பம்பும் நானே பூட்டினேன். நிழலுக்கு இரண்டு மருதமரம். ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

கறுவல் லொறியால் இறங்கியதும் புல்லில் வாய் வைத்தான். வெள்ளச்சி தொட்டித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். மாலைவரை ஒரு மிடறு இல்லை. அடுத்த நாளும் இல்லை. மிருக வைத்தியரைப் போனில் பிடித்தேன். குடிக்காவிட்டால் குடல் இறுகிவிடும், இன்னொரு நாள் தாங்காது என்றார்.

நான் உப்பு அளக்கிற மீற்றரை எடுத்துத் தண்ணீரைச் சோதித்தேன். உப்பு மிகக் குறைவு. உன் கிணற்றைவிடத் திறமான தண்ணீர். பக்கத்தில் எருமைப்பட்டி வைத்திருக்கிற அண்ணன் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தார்.

"என்ன தம்பி, மீற்றரக் குதிரைக்கும் காட்டினீங்களா?"

"நல்ல தண்ணி அண்ணன். குடிக்குதில்ல."

"உங்களுக்கு நல்ல தண்ணி. அதுக்கு இந்தத் தண்ணி ஒத்துக்கல்ல கா. பழைய கிணத்துத் தண்ணியக் கொண்டுவந்து வைங்க. மறுகா கொஞ்சம் கொஞ்சமா இதக் கலந்து வைங்க."

‘ஒத்துக்கல்ல’ என்ற அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அது உன் சொல். கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய் இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தோமே, இரண்டாம் மாதமே நீ பையைக் கட்டினாய். "தண்ணி ஒத்துக்கல்ல மச்சான், நான் ஊருக்குப் போறன்."

"தண்ணியில என்னடா இரிக்கு? எல்லாம் ஒரே தண்ணிதான். படிக்க அலுப்பு, பஞ்சியெண்டு சொல்லு" என்றேன்.

நீ சிரித்துவிட்டுப் போனாய். கடற்கரை விடுதியொன்றில் வெள்ளைக்காரரைக் குதிரையில் ஏற்றி நடத்துகிற வேலை. விடுதியை மூடியபோது யாருக்கும் வேண்டாத இந்த இரண்டையும் ஒரு பகல் முழுக்க நடத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். நான் படித்து முடித்தேன். நீ தோற்றுப்போனவன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடமும்.

ஆனால் லீவு கிடைத்தால் உன்னிடம்தான் வருவேன். அறுவடை முடிந்த வயலில் குதிரை ஓட்டுவோம். ஒருமுறை நான் வரம்பில் குப்புற விழுந்தபோது நீ கறுவலிடம் போய், "நோகல்லயேடா உனக்கு?" என்று கேட்டாய். அவற்றை வாவியில் குளிப்பாட்டிவிட்டு ஈரக் காற்சட்டையோடு கரையில் கிடப்போம். அந்த நேரங்களில் எனக்கும் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அதை உன்னிடம் சொல்லவில்லை.

பிறகு எலிக்காய்ச்சல். மூன்று நாள் காய்ச்சலோடு வயல் சேற்றில் நின்று இதுகளுக்குப் புல் அறுத்திருக்கிறாய், விசரா. போனில் "சும்மா காய்ச்சல்தான்டா" என்றாய். நானும் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

உன் செத்தவீட்டுக்குப் பிறகு உன் வளவுக்குள் நான் கால் வைக்கவில்லை. குதிரைகளை ஏற்றிய அன்றுகூட லொறியோடு றோட்டில் நின்றுகொண்டு வேறு ஆளைத்தான் உள்ளே அனுப்பினேன். இப்போது வேறு வழியில்லை. இரண்டு தண்ணீர்க் கான்களோடு போனேன். அம்மா கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாளியை எடுத்து அவரே அள்ளி ஊற்றினார்.

"அவனும் இப்பிடித்தான் மனே. கொழும்பால வந்த அண்டைக்கு இதில நிண்டு வாளியோட வாய வச்சுக் குடிச்சான்."

வெள்ளச்சி இரண்டு கானையும் உறிஞ்சி முடித்தாள். எருமைக்கார அண்ணன் கைதட்டினார். நான் அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னது பிழை மச்சான். எல்லாம் ஒரே தண்ணீர் இல்லை.

அதன்பிறகு தினமும் வேலை முடிந்து போய்த் தண்ணீர் எடுத்தேன். ஒவ்வொரு நாளும் உன் கிணற்றுத் தண்ணீரைக் குறைத்து, புதுத் தண்ணீரைக் கூட்டிக் கலந்தேன். போன கிழமை புதுத் தண்ணீரை மட்டும் வைத்தேன். தலை நிமிராமல் குடித்தாள். நிம்மதிதான். ஆனால் அவளும் உன்னை விட்டுவிட்டாள் என்று பட்டது. தொட்டியடியில் குந்திவிட்டேன்.

அம்மாவுக்கு இதைச் சொல்லவில்லை. இன்று மாலையும் போனேன். இரண்டு கானையும் நிரப்பி வைத்திருந்தார். பக்கத்தில் எனக்குத் தேத்தண்ணீர்.

"குடிக்கிறாளா மனே?"

"உங்கட தண்ணி இல்லாட்டிக் குடிக்கிறாளில்ல அம்மா."

"எனக்குத் தெரியும்" என்றார். நீ போன பிறகு அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

வீண் வேலை செய்கிறவனைக் கண்டால் எனக்கு எரியும், உனக்குத் தெரியும். நாற்பது லீற்றர் தண்ணீரை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடக்கிறேன். குதிரைக்கு அது தேவையில்லை. நாளைக்கும் போவேன்.