மடக்கு அம்பும் சந்தனமும்

பிறஸ்ரன், மெல்பேர்ண்
21.05.1978

அன்புள்ள இராஜேஸ்வரிக்கு,

கந்தையா சச்சிதானந்தன் ஆகிய நான் இக்கடிதத்தை எழுதுவதன் நோக்கம், நம் மகள் சத்தியபாமா மணக்க விரும்பும் விக்னராஜாவைப் பற்றி விசாரித்தறிந்த முடிவை உமக்குத் தெரிவிப்பதாகும். கட்டின மனைவிக்கு முழுப்பெயர் எதற்கு என்று நீர் சிரிப்பீர். சிரியும், அலுவலகப் பழக்கம் விடவில்லை. நாங்கள் இருவரும் நலம். குளிர் தொடங்கிவிட்டது. நீர் ஊரிலிருந்து பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டையை அணிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

பெடியன் பொறியியலாளர் என்பதும், முள்ளியவளையில் நல்ல குடும்பம் என்பதும் சரி; ஆனால் வில்லோடு காட்டுக்குப் போய் உயிர் கொல்பவனுக்கு என் பிள்ளையைத் தரமாட்டேன் என்று நீர் எழுதியிருந்தீர். அதைப் படித்த பாமா, வள்ளியைக் கேட்டு வந்தவரும் வேடன்தானே என்றாள். புராணத்தைச் சாட்சியாக ஏற்க முடியாது, நேரில் பார்த்த பிறகே தீர்ப்பு என்று சொல்லிவிட்டேன்.

விக்னராஜா முதல்முறை வீட்டுக்கு வந்தபோது உத்தியோகம், உறவுமுறை, உடல்நலம் எல்லாம் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொல்லில் பதில். அம்பைப் பற்றிக் கேட்டதும் தேநீர் ஆறும்வரை பேசினார். பெரிய விலங்கை விரைவில் வீழ்த்த அகலமான அலகு வேண்டுமாம்; ஆனால் அந்த அகலமே காற்றைப் பிடித்து அம்பைத் திசை திருப்பிவிடுமாம். ஆகவே பேனாக்கத்தியைப் போல அலகுகள் மடங்கியிருந்து, உடலில் படும்போது மட்டும் விரியும் ஒரு முனையைத் தாமே கடைந்து செய்திருக்கிறார். மூன்று வருட உழைப்பு. சிட்னியில் மெரிலேண்ட்ஸ் பக்கம் விளையாட்டுப் பொருட்கடை வைத்திருக்கும் ஒருவர், இந்தப் பருவத்தில் அந்த முனையால் ஒரு பெரிய மரை மான் விழுந்தால் அதைச் செய்து விற்பதாக வாக்களித்திருந்தார்.

சோதிக்காத பொருளுக்கு நான் கையெழுத்திடுவதில்லை என்பது உமக்குத் தெரியும். வில்லாளர் சங்கத் திடலில், நனைத்த பழைய தொலைபேசிப் புத்தகக் கட்டுகளின்மேல் மாட்டுத்தோலை இறுக்கிக் கட்டினோம். மரக்கறி மட்டும் உண்ணும் நான் மாட்டுத்தோலைத் தூக்கிக்கொண்டு நின்ற கோலத்தைப் பாமா படம் பிடித்து வைத்திருக்கிறாள். அதை உமக்கு அனுப்பக்கூடாது என்பது என் கட்டளை.

நேராகப் பட்டபோது அலகுகள் ஒருமுறையும் தவறாமல் விரிந்தன; அம்பும் குறி வைத்த இடத்தை விட்டு விலகவில்லை. நிலையான அலகு கொண்ட அம்புகள் அப்படி ஓரிடத்தில் சேரவில்லை. ஆனால் விரிவதற்கே விசையில் ஒரு பங்கு செலவாவதால், மடக்கு அம்பு பாய்ந்த ஆழம் குறைவு. சரிவாகப் பட்டபோதோ ஓர் அலகு முந்தி விரிந்து தோலில் கொளுவ, அம்பே பக்கவாட்டில் உதறிப் போயிற்று. விலங்கு பக்கம் காட்டி நிற்கையில் எய்யலாம், சரிந்து நின்றால் எய்யக்கூடாது என்று முடிவு சொன்னேன். அவர் கடுமையாக வாதாடினார். மறுபடி எய்தார், மறுபடி உதறியது. "சரி அங்கிள், அது அப்பிடித்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

சென்ற சனிக்கிழமை கிப்ஸ்லாண்ட் மலைக்காட்டுக்கு அவரும் கடைக்காரரும் புறப்பட்டபோது, நான் பார்வையாளனாகச் சென்றேன். மணம் பிடித்தால் மரை ஓடிவிடும், ஆகையால் சவர்க்காரமும் தலைக்கு எண்ணெயும் வேண்டாம் என்று விக்னராஜா முன்கூட்டியே சொல்லியிருந்தார். விதியை அப்படியே கடைப்பிடித்தேன். வெறும் தண்ணீரில் குளித்து, வழக்கம்போலத் திருநீறும் சந்தனமும் மட்டும் பூசிக்கொண்டேன். அவர் சொன்ன விதியில் சந்தனம் இல்லை.

பெரணிச் செடி அடர்ந்த ஓடைக்கரையில் பதுங்கியிருந்தோம். மரை வந்தது. இராஜேஸ்வரி, அத்தனை பெரிய உயிரை அவ்வளவு அருகில் நான் பார்த்ததில்லை. பக்கம் காட்டி நின்றது. அவர் நாணை இழுத்தார். அந்த நேரம் என் பிடரியில் காற்றுப் பட்டது. மரை தலையைத் தூக்கி, உடலைத் திருப்பி, நேரே என்னைப் பார்த்தது. இப்போது அதன் நெஞ்சு சரிவாகிவிட்டது. எய், எய் என்று கடைக்காரர் கிசுகிசுத்தார். என் சோதனையை நானே மறந்து, எய்துவிட மாட்டாரா என்று ஏங்கினேன். அவர் இழுத்த நாணை மெல்லத் தளர்த்தி வில்லை இறக்கினார். மரை ஒருதரம் கனைத்துவிட்டுக் காட்டுக்குள் போயிற்று.

கடைக்காரர் திட்டித் தீர்த்தார். காற்று மாறிவிட்டது என்று மட்டுமே அவருக்குச் சொல்லிவிட்டு, விக்னராஜா என் பக்கம் திரும்பினார்.

"பட்டிருக்கும் அங்கிள். ஆனா உடன செத்திராது. காயத்தோட எத்தினை நாள் திரியும், பாவம்."

கடைக்காரர் கோபத்துடன் தமது வண்டியில் போய்விட்டார். திரும்பும் வழியில் விக்னராஜா தமக்குள் சிரித்துக்கொண்டே காரை ஓட்டினார். காரணம் கேட்டேன். "உங்கட சந்தனம்தான் அங்கிள்" என்றார். நான் திகைத்துப் போனேன். உடனே அவர், "உந்த மரையளின்ர பூட்டன் பூட்டியெல்லாம் இலங்கையில இருந்து கப்பல்ல வந்ததுகள். கோயில் வாசம் வர, ஊர் நினைப்பு வந்திருக்கும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தேன். என் பிழை என்று காட்டிலேயே அவருக்குத் தெரியும். கடைக்காரரின் ஏச்சு முழுவதையும் தாமே வாங்கிக்கொண்டு, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சரிவிலும் ஒழுங்காக விரியும் வேறொரு முனை செய்ய இப்போதே தொடங்கிவிட்டார். விற்குமோ விற்காதோ, தெரியாது. வேட்டை எனக்கு இன்றும் உடன்பாடில்லை. ஆயினும், மூன்று வருட உழைப்பை ஒரு வாயில்லா உயிரின் வேதனைக்காக விட்டுக்கொடுத்த அந்தக் கையில் நம் பிள்ளையின் கையை வைக்க எனக்குத் தயக்கமில்லை. நீரும் மனமிசைந்து ஆசீர்வதியும்.

இன்னொன்று. உமது ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம் பணி செய்ய வேண்டும், முடித்துவிட்டே வாரும் என்று விதித்தவன் நான்தான். அந்த விதியை இத்தால் மீளப் பெறுகிறேன். கலியாணத்துக்கு வாரும், வந்தால் திரும்பிப் போக வேண்டாம். சந்தனக்கட்டை தேய்ந்துவிட்டது, ஒன்று கொண்டுவாரும். மரப்பொருள் என்று சுங்கத்தில் மறைக்காமல் அறிவிக்கவும்.

உமது பதில் வரும்வரை காத்திருப்பதே முறை. ஆனால் பாமா மூன்றாம் முறையாக அறை வாசலில் வந்து நிற்கிறாள். ஆகவே இதை உறையிலிட்டு ஒட்டியதும் வெளியே சென்று, அவளிடம் சம்மதம் என்று சொல்லப்போகிறேன். பின்னர் சந்தனம் பூசிக்கொண்டு விக்னராஜாவின் வீட்டுக்குப் போவேன்.

என்றும் உமது,
க. சச்சிதானந்தன்