மஞ்சள் துணி கட்டிய இரண்டு செடிகள்

என் மதினிக்கு,

முறைக்கு நீ எனக்கு மூத்தவள், வயதுக்கு ஒத்தவள். உயிரோடு இருந்தபோது வா, போ என்றுதான் பேசினேன். செத்துப்போனாய் என்பதற்காகப் புதிதாக மரியாதை கொடுக்க எனக்கு வரவில்லை. அந்த வேலையை உன் புருஷன், அதாவது என் அண்ணன், எல்லோருக்கும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறார்.

உன் போட்டோவுக்குத் தினமும் பூ வருகிறது, தெரியுமா? அண்ணன் உச்சிப்புளி கடைத்தெருவுக்குப் போனால் மல்லிகை இல்லாமல் திரும்புவதில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று நீ சொன்ன அன்று, "வாயுவாத்தான் இருக்கும்" என்று சோடா உடைத்துக் கொடுத்த அதே கைதான் இப்போது பூ வைக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தவள் நான். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் ஊதா புரோக்கோலி.

மூன்று குளிர்காலம் நீ அதோடு மல்லுக்கட்டினாய். நம் ஊரில் குளிர்காலம் என்றால் சிரிப்பார்கள். ஐப்பசி மழை ஓய்ந்து மாசி வெயில் ஏறுவதற்குள் வாடை அடிக்கிற கொஞ்ச நாள், அவ்வளவுதான். முதல் வருஷம் கிணற்றின் உப்புத்தண்ணீரில் இலை நுனியெல்லாம் கருகியது. அடுத்த வருஷம் மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து ஊற்றினாய், உச்சி வெயிலுக்குப் பனையோலை சாத்தினாய். இலை முறம் போல விரிந்ததே தவிர, பூ வரவில்லை. அண்ணன் எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டுக்குப் போட்டார். "மொளகா வெளையிற மண்ணுல காலிபிளவருக்குச் சாயம் பூசப் பாக்குறா" என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிச் சிரித்தார்.

இந்தத் தையில் இரண்டே இரண்டு செடியில் பூ திரண்டது, கத்திரிக்காய் நிறத்தில். மற்றதெல்லாம் வழக்கம்போல வெறும் இலை. என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாய். பொரியலுக்கு ஆகும் என்றேன். நீ முறைத்தாய்.

"திங்கிறதுக்கா இத்தனை பாடு? இந்த ரெண்டுதான் நம்ம வெயிலத் தாங்கிப் பூத்திருக்கு. இதுல வெதை எடுத்துப்புட்டா அடுத்த வருசம் இன்னும் நாலு சேத்துப் பூக்கும். ஒத்தச் செடின்னா வெதை பிடிக்காது, லச்சுமி. நல்லவேளை, ரெண்டு இருக்கு."

பிறகு பழைய சேலையில் மஞ்சள் துண்டு கிழித்து இரண்டு தண்டிலும் கட்டினாய். சாமிக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கும் வாழைத்தாருக்கும் அப்படித்தான் கட்டுவோம். அதில் ஒருவரும் கை வைப்பதில்லை. எந்தச் சாமிக்கு என்று கேட்டேன்.

"ஒரு சாமிக்கும் இல்ல. சும்மா கட்டிருக்கேன். இனி உங்க அண்ணன் தொடுறாகளா பாப்போம்."

அடுத்த வாரமே நீ போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்தன்று நான் வடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் கொல்லையிலிருந்து வந்தார். தாம்பாளத்தில் உன் இரண்டு பூவும் இருந்தன, மஞ்சள் துணியோடு. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"சாமிக்கு நேந்து வச்சிருக்கா, ஏத்தா. பூவும் பொட்டுமாப் போனவ, இனி அவதான நம்ம வீட்டுச் சாமி. அவளுக்கே படைச்சிருவோம்."

"அது வெதைக்கு விட்டதுண்ணே" என்றேன். சாமி காரியத்தில் வாயை விடாதே என்று பெரியம்மா அதட்டினாள். அறுத்த பூவை ஒட்டவா முடியும்? நான்தான் பொரியல் செய்தேன். சூடு பட்டதும் அந்த ஊதா போய் வெறும் பச்சையாகிவிட்டது, மதினி. காக்கா வடையை எடுத்துக்கொண்டு பறந்தது, பொரியலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சத்தை அண்ணன் சாப்பிட்டார். "நல்லாத்தான் வளத்திருக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தையை நீ கேட்கும்படி சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருப்பார்?

எனக்கு அவர் மேல் ஆத்திரம். உன் மேலும்தான். எதற்கு அந்தப் பொய்த்துணி? விதைக்கு என்று வாய்திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் சிரிப்பார் என்று பயந்தாய். ஒரு சிரிப்புக்குப் பயந்து சாமியைக் காவலுக்கு வைத்தாய்.

இப்போது மாசி. நேற்று கொல்லைக்குப் போனேன். மொட்டையாக நின்ற இரண்டு தண்டிலும், இலைக் கக்கத்தில், சின்னச் சின்னதாக ஊதா மொட்டுகள். அண்ணன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"மறுபடி துளுத்திருக்கே. முப்பதாம் நாளுக்குப் படைக்க ஆகும்ல?"

"வெதைக்கு. தொட்டா கைய ஒடிச்சிருவேன்" என்றேன். துணி எதுவும் கட்டவில்லை. கருவேல முள்ளை வெட்டி வந்து சுற்றி அடைத்திருக்கிறேன்.

விதை பிடிக்குமா, அதற்குள் பங்குனி வெயில் கருக்கிவிடுமா, எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். முப்பதுக்கு வடை வைக்கிறேன், உனக்குப் பிடித்த பணியாரம் வைக்கிறேன். அந்தச் செடியிலிருந்து ஒரு மொட்டுகூட உன் இலைக்கு வராது. நீயே சாமியாகி வந்து கேட்டாலும் தரமாட்டேன்.

உன் செடிக்குக் காவல் நிற்கும் நாத்தனா,
லச்சுமி