சாரலுக்குக் கழற்றிய மூடி

கடைசி நாள் வரை என்னைக் ‘குட்டச்சி’ என்றே கூப்பிட்ட மாரி அண்ணனுக்கு,

உன் முதல் வருஷ நினைவு நாளுக்கு அம்மா போஸ்டர் அடிக்கச் சொன்னாள். ‘உன் புன்னகை மறையாது’ என்று அச்சகத்துக்காரரே ஒரு வரியைப் போட்டுக் கொடுத்தார். உனக்குப் புன்னகையா? தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரிக்கிறவன் நீ. போஸ்டரில் எழுத முடியாததை எல்லாம் இங்கே எழுதுகிறேன், யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். எனக்கு உன்மேல் கோபம் இன்னும் ஆறவில்லை.

சீசன் இந்த வருஷமும் நன்றாகத்தான் இருக்கிறது. பேரருவியில் தண்ணீர் கூடிப்போய் இரண்டு நாளாகக் குளிக்க விடவில்லை. தென்காசியிலிருந்து குற்றாலம் வரைக்கும் வண்டிகள் நிற்கின்றன. நீ இல்லாமல் சாரல் எப்படி இவ்வளவு சாதாரணமாகப் பெய்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

நான் இப்போது பிளஸ் ஒன். பள்ளி திறந்த முதல் வாரமே ஒருவனை அடித்தேன். ஜோயல் என்று என் வகுப்புக்காரன். என் காதில் விழுவது தெரியாமல், “அவ அண்ணன மர மில்லு வாளு மரத்த அறுத்தாப்ல அறுத்துட்டாமே” என்று பக்கத்துப் பையனிடம் சொன்னான். என் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அவன் வாயில் விழுந்தது. உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். ஒரு சொட்டுக்கூட எனக்குப் பாவமாக இல்லை.

மூன்று நாள் கழித்து வீங்கிய வாயோடு அவனே என்னைத் தேடி வந்தான். “தப்பு எம்மேலதான். மன்னிச்சிரு” என்றான். பிறகு, “ஒனக்குக் கோவம் வந்தா கை நடுங்கவே மாட்டேங்குது. எங்க ரோபோ டீமுக்கு வருதியா?” என்று கேட்டான். அடி வாங்கியவன் வந்து ஆள் சேர்க்கிறான். இந்த ஊரில்தான் இப்படி எல்லாம் நடக்கும்.

அது படம் வரைகிற ரோபோ இல்லை அண்ணே, சண்டை போடுகிற ரோபோ. தொட்டி மாதிரி ஒரு பெட்டிக்குள் இரண்டு ரோபோக்களை விடுவார்கள், எது எதை உடைக்கிறதோ அதற்கு வெற்றி. எங்களுடையதற்கு முன்னால் லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித் தேய்த்த ஒரு பிளேடு சுற்றும். பையன்கள் ‘அருவா’ என்று பேர் வைக்கப் பார்த்தார்கள். பிசிக்ஸ் மிஸ் விடவில்லை, ‘சாரல்’ என்று வைத்துவிட்டார். அந்தச் சாரல் பெயிண்ட் டப்பாவை ஒரே அடியில் இரண்டாகக் கிழித்தது.

முதல் நாள் அந்த பிளேடு சுற்றத் தொடங்கியதும் எனக்கு வாந்தி வந்தது. ஓடிப்போய்க் குழாயடியில் எடுத்தேன். உன் மில் வாசலில் நின்று கேட்ட அதே சத்தம். அப்புறம் வாயைக் கழுவிவிட்டு வந்து ரிமோட்டைக் கையில் வாங்கினேன். டப்பா கிழிந்தபோது என் உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது, பார். உன்னைக் கொன்றதை ஆசையாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே, நான் என்ன பிறவி? இரண்டு மாதமாக இதே கேள்விதான். ஒவ்வொரு நாளும் ‘நாளையோடு நின்றுவிட வேண்டும்’ என்று நினைப்பேன், மறுநாள் சாயங்காலம் மணி அடித்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

அம்மாவிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொன்னேன். வேறு என்ன சொல்ல? நீ போன பிறகு அவள் மிக்சியைப் பரணில் ஏற்றிவிட்டாள். மோட்டார் சத்தமே வீட்டில் கூடாது, சட்னிக்குக்கூட அம்மிதான்.

அம்மாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும், அதுதான் என்னைத் தின்கிறது. நீ போவதற்கு முந்தின நாள் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னிடம் சொன்னாய்: “சாரல் வலுத்துட்டுல்லா, வாள் சக்கரத்து மூடியக் கழத்திப் போட்டுட்டேன். ஈரத் தூளு உள்ள அடச்சா பிளேடு வழுக்குதுட்டி. எல்லா மில்லுலயும் சீசனுக்குக் கழத்திருவோம், முடிஞ்சதும் மாட்டிருவோம்.” எனக்கு அது உன் கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

மறுநாள் கேரளாவிலிருந்து வந்த ரப்பர் மரத்தை ஏற்றினாய். பால் வடிக்க எப்போதோ அடித்த தகரமும் ஆணியும் பட்டைக்குள் புதைந்து கிடந்தன. சக்கரத்தில் பட்டையாகச் சுற்றி ஓடுகிற பிளேடு அதில் மோதி அறுந்தது. மூடி இருந்திருந்தால் உள்ளேயே சுருண்டிருக்கும். இல்லாததால் வெளியே வீசி உன் கழுத்தில் இறங்கியது. ஊரெல்லாம் ஆணியைத் திட்டியது, அம்மா மெஷினைத் திட்டினாள். நான் மட்டும் உன்னைத் திட்டினேன், யாருக்கும் கேட்காமல்.

இப்போது கேள், உன் தங்கை என்ன செய்தாள் என்று. எங்கள் பெட்டியைச் சுற்றிக் கண்ணாடி மாதிரித் தெரிகிற தடித்த பிளாஸ்டிக் தட்டி உண்டு. அடிபட்டு அடிபட்டு முன்பக்கத் தட்டி முழுக்கக் கீறல், ஒன்றுமே தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை, “ஒரு தடவதானே” என்று சொல்லி அதைக் கழற்றி வைத்தேன். நானேதான் கழற்றினேன். சாரல் எதிரே இருந்த இரும்புத் துண்டை அடித்தது. ஒரு போல்ட் தெறித்துப் பறந்து ஜோயலின் காதைக் கிழித்துக்கொண்டு போனது.

அவன் காதைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் கொட்டியது. பழைய சண்டைக்கு வேண்டுமென்றே செய்தேன் என்று இரண்டு பேர் சொன்னார்கள். இல்லை. ஒரு விரல் தள்ளிப் போயிருந்தால் கழுத்து. அந்த நிமிஷம் நீ ஏன் மூடியைக் கழற்றினாய் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்த பிறகு கோபம் குறையும் என்பார்களே, எனக்கு இரண்டு மடங்காகியது.

காதில் நாலு தையல். யூனிஃபார்ம் எல்லாம் அவன் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா முதலில் பதறினாள், விஷயம் தெரிந்ததும் விளக்குமாற்றை எடுத்தாள். முதுகு, கை, கால் என்று பார்க்காமல் அடித்தாள். “மெஷினு எம்பிள்ளயக் கொன்னது போதாதா? ஒன்னயும் தூக்கிக் குடுக்கணுமாட்டி?”

“மெஷினு கொல்லல!” என்று கத்தினேன். “அவன்தான் மூடியக் கழத்துனான்! எங்கிட்டச் சொன்னான்! நான் ஒங்கிட்டச் சொல்லல!”

விளக்குமாறு அப்படியே நின்றது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். உன்னைத் திட்டுவாள், இல்லை என்னை வெட்டுவாள் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இப்பம் அங்கன மூடி இருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாக உன் மில் இருக்கிற செங்கோட்டை ரோட்டுப் பக்கமே நாங்கள் போனதில்லை. அம்மா செருப்பை மாட்டினாள். தூறலில் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

மூடி இல்லை அண்ணே. வாசலில் தூள் மூட்டைகளின்மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். நீ நின்ற இடத்தில் சுடலை அண்ணாச்சி நின்று மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார், உன் பாடையைத் தூக்கிய அதே மனுஷன். வாள் திறந்த வாயோடு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா நேரே போய் மெயின் சுவிட்சை இழுத்து இறக்கினாள். கையில் கிடைத்த மரச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு சுவிட்சுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“சாரல் முடியட்டும்க்கா, மாட்டிருதோம்” என்றார் அண்ணாச்சி.

“ஒம் பொண்டாட்டிட்டப் போயி அதச் சொல்லுதியா? எவனாவது கைய வச்சியோ, மண்ட ரெண்டாப் போவும்!” என்று சட்டத்தை ஓங்கி மேசையில் அடித்தாள். அது முறிந்து பறந்தது. பத்து ஆம்பிளைகள் அசையவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள். மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் இல்லை.

“ஏட்டி, போல்ட்டு முடுக்கத்தான படிச்ச? முடுக்கு.”

அண்ணாச்சி ஸ்பேனரை எடுத்துத் தந்தார், மூடியைத் தூக்கியும் பிடித்தார். ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினேன். என் கை நடுங்கியது. கோபத்தில் நடுங்காத கை.

மறுநாள் அம்மா டீமுக்கான சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஜோயல் காதில் கட்டோடு வந்து புதுத் தட்டியை மாட்டிக்கொண்டிருந்தான். “நீ வராட்டா யாருட்டி ஓட்டுவா?” என்றான். பயமும் ஆசையும் இப்போதும் சரிபாதியாகத்தான் இருக்கின்றன. இரண்டையும் வைத்துக்கொண்டே ஓட்டுகிறேன்.

அடுத்த வாரம் மதுரையில் போட்டி. எதிரே வருவதை நொறுக்குவேன். நொறுங்கும்போது சந்தோஷப்படுவேன், அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் பத்து விரலோடு அம்மாவிடம் திரும்பி வருவேன். வருஷா வருஷம் முதல் சாரல் விழுகிற அன்றைக்கு உன் மில்லுக்குப் போய் ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்ப்பேன். இது சத்தியம். எவன் தடுத்தாலும் அடிப்பேன், நீயே வந்து தடுத்தாலும் அடிப்பேன். தடுக்கவாவது ஒரு தடவை வாயேன் அண்ணே.

அடிக்க ஆளில்லாமல் நிற்கிற உன் ஒரே தங்கச்சி,
பேச்சி