விற்காத இரண்டு கம்ப்யூட்டர்கள்

பேகம்பூர், திண்டுக்கல்
பிப்ரவரி 2001

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம் மகள் தஹ்சீனும் நலம்.

நீங்கள் சொன்னபடி, மூடிக் கிடந்த நம் டைப்பிங் சென்டரின் பழைய கம்ப்யூட்டர்கள் இரண்டையும் விற்க ஆள் வரவழைத்தேன். எடைக்குத்தான் கேட்டார். மனசு வராமல் திருப்பி அனுப்பிவிட்டேன்.

பிறகு நானே திறந்தேன். நீங்கள் பழுது பார்க்கும்போதெல்லாம் டார்ச் பிடித்து நின்றவள்தானே. தூசி தட்டி, மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டியதும் ஒன்று உயிர் பெற்றது. இன்னொன்றில் பவர் சப்ளை போயிருந்தது. மதுரைக்குப் போய் அதையும், கூடுதல் மெமரியும், நெட்வொர்க் கார்டுகளும் வாங்கி வந்து, இரண்டையும் ஒரே வயரில் இணைத்தேன்.

முன் அறையில் உட்கார்ந்து, "சாப்ட்டீகளா" என்று இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்பினேன்.

உள் அறையிலிருந்து தஹ்சீன், "அம்மா, வந்துருச்சு. யாரக் கேக்குற, அத்தாவையா?" என்றாள், உங்களை நினைத்து.

"சும்மா சோதிச்சுப் பாத்தேன்" என்றேன்.

கொஞ்சம் கழித்து என் திரையில் பதில் வந்தது: "சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?" மகள்தான் அடித்திருக்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் அதை அழிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சென்டரைத் திறந்துவிட்டேன். காலேஜ் பிள்ளைகள் ப்ராஜெக்ட் அடிக்க வருகிறார்கள். வீட்டுச் செலவுக்குக் காணும்.

சவூதியில், தம்மாம் கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் இஷ்டம். இரண்டு மெஷினையும் என்னால் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பதை மட்டும் சொல்லத் தோன்றியது.

வழி பார்த்திருக்கும்
உங்கள் மனைவி