நீ வெட்டி வைத்த பாட்டு

இன்று ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், முன் சீட்டில் உட்கார்ந்திருந்த புதுப் பெண்ணின் இயர்போனிலிருந்து அந்தக் கிதார் கசிந்தது. அதே பழைய இங்கிலீஷ் ராக் ஆல்பம். ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் நாம் கேட்டது. நீ போன பிறகு உனக்கு எழுதி யார் படிக்கப்போகிறார்கள்? ஆனாலும் எழுதாமல் இருப்புக்கொள்ளவில்லை.

உனக்கு அதன்மேல் பைத்தியம். "அதுக்கு முன்னாடி ரெக்கார்டிங்னா பாடுறத புடிச்சு வெக்கிறது, அவ்ளோதான்டி. இவனுங்க தெரு சத்தம், பேச்சு சத்தம், டேப்ப திருப்பி ஓட்டுற சத்தம்னு எல்லாத்தையும் பாட்டாக்கிட்டானுங்க" என்பாய். எல்லாவற்றையும்விட உனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பாட்டும் முடியாமல் சடாரென்று அறுந்துபோவது. "இன்னா தைரியம் பாரேன்!" என்று என் தொடையில் அடிப்பாய். அதைக் கேட்டுத்தான் நீயும் பாட்டுக் கட்டினாய். ஹாஸ்டல் பக்கெட் சத்தம், பஸ் ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், நடுவில் உன் குரல், பாதிச் சொல்லில் வெட்டு.

அப்புறம் ஒருநாள் ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கடைக்காரர் நம் போனைப் பார்த்துச் சிரித்தார். "இன்னாம்மா, பாட்டு வரிசையே மாறிக் கீது. பேரோட முதல் எழுத்த வெச்சு போனே அடுக்கிகினு கீது." சரியான வரிசையில் போட்டுக் காட்டினார். ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டுக்குள் போய்க் கரைந்தது. ஆல்பம் மொத்தமும் ஒரே பாட்டு! அதுதான் அவர்கள் செய்த புதுமை. நாம் வாயைப் பிளந்த வெட்டெல்லாம் நம் போன் செய்த கூத்து. எனக்கு மானம் போயிற்று. நீயோ கடை வாசலிலேயே விழுந்து விழுந்து சிரித்தாய். "போனா போவுது, வுடு. அவனுங்க ஒட்டுனானுங்க, நான் வெட்டுறேன்" என்றாய்.

வெட்டிவிட்டு நீ போய்விட்டாய், மஞ்சள் காமாலை என்று ஒரு சாக்கு. நான்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். இந்த வெள்ளிக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. உன் அம்மா போன் மேல் போன் போட்டார். "பாட்டு பாதியில நின்னுடுதேம்மா. அவகூடவே இருந்தவ நீ, உனக்கு மெட்டு தெரியும். மீதிய நீ பாடிக் குடு. எம்பொண்ணு பாட்டு ஒண்ணாவது முழுசா இருக்கட்டும்." பெற்றவளிடம் எப்படி முடியாதென்பது? பாடிச் சேர்த்துவிட்டால் அது உன் பாட்டே இல்லை. உன்மேல் கோபம் கோபமாக வந்தது. மொட்டை மாடிக்குப் போய்ப் பாடி, போனில் பதிந்தே பார்த்தேன். நன்றாகவே வந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். அழித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போய், நீ வைத்தபடியே போட்டேன். குரல் அறுந்ததும் அம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீதி?"

"அவ்ளோதாம்மா. இங்கதான் நிறுத்துனா. வேணும்னுதான் நிறுத்துனா."

 அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, முதல்லேருந்து போடு" என்றார்.

திரும்பத் திரும்பப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் மீதி வரி என் தொண்டை வரை வந்து நின்றது. இப்போதும் நிற்கிறது. பாட மாட்டேன், போடி.